மிச்சமிருந்த பதினோரு கிலோமீட்டர்

செல்லக்கனியை இராஜபாளையத்தில் பாதிப் பேருக்கு முதுகைப் பார்த்துத்தான் தெரியும். காலை ஆறரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிவிஎஸ் பிஃப்டியில் போவாள். ஹேண்டில்பாரில் ஒரு தூக்குச்சட்டி ஆடும். அவளுக்கு ஐம்பதடி பின்னால் அரைக்கால் டவுசர் போட்ட ஒருத்தன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவான். அவன் அவள் புருஷன் ஐயாதுரை. பொண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறாள், புருஷன்காரன் விரட்டிப் பிடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்து, வண்டியை மறித்துச் சமாதானம் பேசியவர்களும் உண்டு. 1986-ல் ஒரு பெரியவர் டவுன் பஸ்ஸை விட்டே இறங்கி வந்துவிட்டார்.

"ஏட்டி, எதுனாலும் வீட்டுக்குள்ள பேசித் தீருங்க. ரோட்டுல ஆம்பளைய இப்படி ஓட விடலாமா?"

"அவியளுக்கு ஓடத்தான் பிடிக்கி தாத்தா. நான் தண்ணி கொண்டு போறேன்" என்றாள் செல்லக்கனி. பெரியவர் நம்பவில்லை. நம்புகிற மாதிரியான விஷயமா அது?

ஐயாதுரைக்கு நூல் மில்லில் சைடர் வேலை. ஸ்பின்னிங் மெஷினின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தப் பெயர். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், எங்காவது நூல் அறும், ஓடிப்போய் ஒட்டிவிட்டு அடுத்த அறுப்புக்கு நகர வேண்டும். எட்டு மணி நேரத்தில் பதினைந்து கிலோமீட்டராவது நடை இருக்கும். மற்ற சைடர்கள் ஷிப்ட் முடிந்ததும் காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். இந்த மனுஷனுக்கு மட்டும் அப்போதுதான் கால் சூடு பிடிக்கும். ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓடி, ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் வரை வெறுங்காலோடு நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஓடி வருவான். பைத்தியம் என்றார்கள். அவனிடம் மறுப்பு ஒன்றும் இல்லை.

செல்லக்கனிக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டுத்துணியைச் சுருட்டிவிட்டு வந்தால், வீட்டில் இவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே ஓடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பான். ஒருநாள் கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் வெயிலில் சுருண்டு விழுந்து, யாரோ மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மறுவாரமே அவள் தெருவில் நாலு தடவை விழுந்து எழுந்து மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். "நீங்க எங்க விழுந்தாலும் நான் பக்கத்துல இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் தனியாக ஓடியதே இல்லை.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. மூன்று மைல்கல்லுக்கு ஒரு தடவை முன்னால் போய் நிற்பாள். தண்ணீரை நீட்டும்போது பேசமாட்டாள், சட்டையைத்தான் பார்ப்பாள். முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு விழுந்திருந்தால் அடுத்த நிறுத்தத்தில் பழைய சோற்று நீச்சத்தண்ணியில் உப்பைக் கூட்டிவிடுவாள். அவன் முகம் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லும், சட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பாள்.

இமயமலைப் பேச்சைக் கொண்டுவந்தவர் செல்லக்கனியின் அண்ணன் பேச்சிமுத்து. பேண்டேஜ் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். டெல்லிக்கு லோடு ஏற்றிப் போய்ப் பழகியவர், அரைகுறை இந்தி பேசுவார். மணாலியிலிருந்து லே போகிற ரோட்டைச் சாதாரண ஜனங்களுக்கும் திறந்துவிட்டார்கள், வழியில் அஞ்சு கணவாய் இருக்கிறது, அஞ்சாவது பதினேழாயிரம் அடிக்கு மேலே என்று சும்மா இருக்கமாட்டாமல் சொல்லிவைத்தார். ஐயாதுரை அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒரு வருஷம் அதே பேச்சு. கடைசியில் 1992 ஜூலையில் மில்லில் சம்பளமில்லாத லீவு கிடைத்தது. கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டும் என்ற கண்டிஷனோடு பேண்டேஜ் கம்பெனி முதலாளி மெட்டடோர் வேனைக் கொடுத்தார். பத்தாவது படிக்கிற மகளைத் தேவதானத்தில் ஐயாதுரையின் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். மணாலியிலிருந்து அஞ்சாவது கணவாயின் உச்சி வரை முந்நூற்று அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். பத்து நாளில் ஓடி முடிப்பதாகத் திட்டம்.

முதல் கணவாய் ரோத்தாங். உச்சியில் கற்களைக் குவித்து, கலர் கலராகத் துணிக்கொடி கட்டி, நடுவில் ஒரு சாமி படம் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள், பூட்ஸைக் கழற்றாமலே. செல்லக்கனிக்குப் பொறுக்கவில்லை. அமாவாசைக்கு ஊர்ப்பக்கத்துச் சாமி மலை ஏறுகிறவள் அவள், அடிவாரத்திலேயே செருப்பை விட்டுவிடுகிற பழக்கம்.

"சாமி இருக்க எடத்துல ஷூவோட நிக்காதீங்க. கழட்டிட்டுச் சுத்தி வாங்க" என்றாள்.

வெயில் நன்றாக இருந்தது. ஐயாதுரை கழற்றி வைத்துவிட்டு மூன்று சுற்று வந்தான். ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்றும் ஆகாததுதான் வினையாகப் போயிற்று.

இரண்டாவது கணவாய் பாராலாச்சாவுக்கு ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டின் இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பனி. கற்குவியலைச் சுற்றிலும் உருகிய பனி சேறும் சகதியுமாகக் கிடந்தது, காற்று வேறு ஆளைத் தள்ளியது. பாதித் தூரத்தை நல்லபடியாகத் தாண்டினால் ஒன்பது சுற்று வருவதாகச் செல்லக்கனி மணாலியிலேயே வேண்டியிருந்தாள். அதைச் சொன்னாள். ஐயாதுரை ஒரு நிமிஷம் சகதியைப் பார்த்தான், பிறகு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினான்.

அவளும்தான் வெறுங்காலோடு சுற்றினாள். ஆனால் அவள் சுற்றி முடித்ததும் வேனுக்குள் ஏறி, பேச்சிமுத்து பற்றவைத்திருந்த ஸ்டவ்வில் காலைக் காட்டிக்கொண்டாள். அவன் நனைந்த காலில் சாக்ஸை இழுத்துவிட்டு, அன்றைய கணக்கில் மிச்சமிருந்த பதினாலு கிலோமீட்டரை ஓடப் போய்விட்டான். காலில் உணர்ச்சியே இல்லை, பஞ்சு மேலே ஓடுகிற மாதிரி சுகமாக இருக்கிறது என்று சிரித்தான். உணர்ச்சி இல்லாமல் போவது கெட்ட சேதி என்று தெரிய நமக்கெல்லாம் பனியா பெய்கிறது?

மறுநாள் கால்விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. செல்லக்கனி பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டாள். இருபது வருஷமாகக் கட்டுத்துணி சுருட்டியவள், அத்தனை நேர்த்தியாகக் கட்டினாள். ஆனால் புண்ணைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவளிடமிருந்து துணி பெட்டியில் போகும், அதற்குப் பிறகு அது யார் காலில் ஏறுகிறது என்று அவள் பார்த்ததில்லை.

மூன்றாவது, நான்காவது கணவாய்களை ஒரே நாளில் கடந்தார்கள். அங்கே உச்சியில் நிற்கவே விடாமல் காற்று அடித்ததால் ஓடிய வாக்கிலேயே கும்பிட்டுவிட்டு இறங்கினான். அடுத்த நாள் ஒரு கூடார ஊரில் மிலிட்டரி டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பேச்சிமுத்து அவனைக் கூட்டிப் போனார். செல்லக்கனி வேனில் சோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த உயரத்தில் அரிசி வெந்து தொலைப்பதில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல தாயி. களிம்பு போடச் சொன்னாரு" என்றார் பேச்சிமுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து ஐயாதுரை தன் காலுக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டான். "நீ சமையலப் பாரு, நானே கட்டிக்கிடுதேன்" என்றான். சட்டையில் உப்புக் கோட்டைத் தேடுகிற பழக்கம் அவளுக்கு அங்கே உதவவில்லை, அந்தக் குளிரில் வேர்வையே கிடையாது. ஓட்டம் நடையாகி, நடையும் ஒரு பக்கம் சாய்ந்துபோனது. மூச்சு வாங்குது என்றான். அவளும் நம்பினாள்.

பத்தாம் நாள் காலை. அஞ்சாவதான தங்லாங் கணவாய்க்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர் என்று கல் சொன்னது. ஒன்பது மணி இருக்கும், வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஐயாதுரை ரோட்டோரம் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வேனுக்குப் பின்னால் ஒதுங்கப் போனவள் திரும்பி வந்ததை அவன் கவனிக்கவில்லை.

இடது காலில் இரண்டு விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. வலது காலில் ஒன்று.

செல்லக்கனி கூப்பாடு போடவில்லை. வேனுக்குப் போய் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினாள். "அண்ணே, என் தலையில அடிச்சுச் சொல்லு. டாக்டர் என்ன சொன்னாரு?"

பேச்சிமுத்து மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மலையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் சொன்னார். குளிரில் விரல் செத்துக்கொண்டு வருகிறது, இப்போது நிறுத்தினால் தோலோடு போகும். இன்னொரு தடவை உறைந்தால் விரலை வெட்ட வேண்டிவரும், பாதமே போனாலும் போகும்.

"மூணு நாளா ரெண்டு பேரும் சேந்து என்னைய முட்டாளாக்கியிருக்கீக."

"மாப்ளதான் சொல்லக் கூடாதுன்னாரு."

"அவரு சொன்னா உனக்கு எங்கண்ணே போச்சு புத்தி?" என்றாள். பேச்சிமுத்து பானெட்டைத் திறந்து எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் ஐயாதுரையின் எதிரில் உட்கார்ந்தாள். "வேன்ல ஏறுங்க."

"பதினோரு கிலோமீட்டர்டீ. செத்த நேரம். உச்சிக்குப் போனதும் நீ சொன்னபடி கேக்கேன்."

"ஏறுங்க."

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு? ஊருல போய் என்ன சொல்ல? நாலரைக் கணவாய் ஓடினேன்னா?"

"வெரலு போனா எப்படி நடப்பீக? மில்லுல எட்டு மணி நேரம் நடக்கணும்லா? உக்காந்து பாக்குற வேலையா ஒங்க வேலை? வேற யாரும் இல்ல, நாந்தான் ஒங்க கால இப்படிப் பண்ணேன். சகதியில ஒம்பது சுத்துன்னு நான் வாயத் தெறக்காம இருந்தா ஒங்களுக்கு ஒண்ணும் வந்திருக்காது. இதுக்கு மேல ஒரு அடி வச்சீகன்னா அந்தப் பாவத்தையும் நாந்தான் சொமக்கணும். என்னால ஏலாது."

ஐயாதுரை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பதினாறு வருஷக் கல்யாணத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. அவன் அப்பா செத்தபோதுகூட அழாமல் நின்றவன். சரி, போங்க என்று ஒரு வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. அதை எப்படி விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"மிச்சத்த நான் நடக்கேன்" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ நடந்து எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்லதான். ஆனா அஞ்சு கணவாயும் காலாலதான் கடக்கணும்னு வந்தோம். யாரு காலுன்னு ஒண்ணும் எழுதி வைக்கல."

ஐயாதுரையின் மாற்று ஷூ அவளுக்குப் பெரிது, நுனியில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். சேலைக்குள் பேச்சிமுத்துவின் பேண்ட், மேலே இரண்டு ஸ்வெட்டர், தலையில் மப்ளர். ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால் ஒரு வருஷத்துக்கு வேறு பேச்சு தேவைப்பட்டிருக்காது. ஐயாதுரையின் காலைப் பஞ்சில் பொதிந்து கம்பளியில் சுற்றி, அண்ணனும் தங்கையுமாகத் தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். அவள் நடக்க ஆரம்பித்தாள். வேன் பின்னாலேயே முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தது.

முதல் இரண்டு கிலோமீட்டர் அவன் அவளைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். மூன்றாவதில் அவள் இருமிக்கொண்டு நின்றபோது கண்ணாடி இறங்கியது. குளுக்கோஸ் தண்ணீர் டம்ளரோடு ஒரு கை வெளியே நீண்டது. அவள் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தாள்.

ஆறாவது கிலோமீட்டரில் தலைவலி மண்டையைப் பிளந்தது. எட்டாவதில் குடித்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கிற எண்ணமே இல்லை. இந்த மனுஷன் வருஷக்கணக்காக இதையா பிடித்துப்போய்ச் செய்தான் என்று ஆச்சரியமாக இருந்தது.

"உக்காந்தா கால் பிடிச்சுக்கிடும்" என்றது வேனுக்குள்ளிருந்து குரல். "எந்திரி. இருபது அடி நட, நில்லு. பொறவு இருபது அடி. மேல பாக்காத, உன் கால மட்டும் பாரு."

எழுந்தாள்.

"மூச்ச இழுக்காத, வெளிய ஊது. உள்ள அது தானா வரும்."

ஊதினாள். வந்தது. இருபது அடி, நிற்பது, இருபது அடி. அவன் எண்ணிக்கொண்டே வந்தான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, நில்லு. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு அந்தக் குரலைத் தவிர அவளுக்கு வேறெதுவும் ஞாபகம் இல்லை. பிற்பகல் இரண்டரை மணிக்கு ரோடு மேலே போவதை நிறுத்தியது. கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன, எல்லாப் பக்கமும் மலை கீழேதான் இருந்தது. அவள் சாமியைச் சுற்றவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயாதுரை அவள் மப்ளரைச் சரிசெய்துவிட்டான்.

லே ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார்கள். கறுத்த தோலும் மூன்று நகமும் போயின, விரல்கள் பிழைத்தன. சரியான நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். பேச்சிமுத்து அதை இந்தியிலிருந்து தமிழாக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

திரும்பி வருகிற வழி முழுக்க ஐயாதுரை அந்தப் பதினோரு கிலோமீட்டரைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், மகளுக்குக் கம்பளித் தொப்பி வாங்கினான். செல்லக்கனிக்கு அது முள்ளாகக் குத்தியது. தன்னை அவன் மன்னிக்கவில்லை என்றே முடிவுகட்டினாள். ஊர் எல்லைக்குள் நுழைவதற்கு முன்னால் அண்ணனிடம் சொல்லிவைத்தாள்: "அவிய அஞ்சும் ஓடுனாகன்னே இருக்கட்டும். நான் நடந்தத யார்ட்டயும் சொல்லாத." பேச்சிமுத்து தலையாட்டினார். ரகசியம் காப்பதில் அவர் கைதேர்ந்தவர் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

ஐயாதுரை ஒன்றரை மாதத்தில் வேலைக்குத் திரும்பினான். முதல் நாள் எட்டு மணி நேரமும் நடந்துவிட்டு வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மில் மனமகிழ் மன்றத்தில் அவனுக்குப் பாராட்டுக் கூட்டம். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். மன்றத்துச் செயலாளர் சுந்தரபாண்டியன் மைக்கைப் பிடித்து, ஐந்து கணவாய்களையும் தன் காலால் கடந்த நம் தோழர் என்று அரைமணி நேரம் பேசினார். மாலை போட்டார்கள். பேண்டேஜ் கம்பெனிப் பெண்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செல்லக்கனிக்கு நிம்மதியாக இருந்தது. மகள் முன்வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

ஐயாதுரையைப் பேசச் சொன்னார்கள். மைக் பிடித்துப் பழக்கமில்லாதவன், இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நாலு கணவாய்தான் நான் ஓடுனது. அஞ்சாவதுல பதினோரு கிலோமீட்டர் வேன்ல உக்காந்து போனேன். அத நடந்து முடிச்சது என் வீட்டுக்காரி."

கூட்டம் சிரித்தது. தன்னடக்கத்துக்கு வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். சுந்தரபாண்டியன்கூடச் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கக் கை நீட்டினார். ஐயாதுரை கொடுக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதேன். காலு கறுத்துப்போச்சு, அத மறைச்சேன். அவ கண்டுபிடிச்சு நிப்பாட்டுனா. அன்னைக்கு அவ பேச்சக் கேக்காம இருந்திருந்தா இன்னைக்கு மில்லுக்குள்ள நடந்து வந்திருக்க மாட்டேன். அவ மேல கோவத்துல ஒண்ணரை மாசமா அந்தப் பேச்சையே எடுக்கல. தப்பு என் மேலதான். அத அவட்ட தனியாச் சொல்லத் தெரியல, அதான் இங்க சொல்லுதேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. நூற்றைம்பது தலையும் கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பின. செல்லக்கனிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யம்மாள், கம்பெனியில் எதிர் மேசைக்காரி, அவள் தொடையில் கிள்ளினாள். "ஏட்டி, நெசமாவா? அம்புட்டு ஒசரத்துல நீயா நடந்த? எதுக்குட்டி உனக்கு இந்த வேல?"

"எனக்கு அவிய காலு வேணும்லா" என்றாள் செல்லக்கனி.